கோரனுக்குக் கும்பிளில் கஞ்சி: ஓணத்தை எங்கிருந்து வாசிப்பது?

மாவேலி நம்ம ஆள் என்பதில் எனக்கு விவாதம் கிடையாது. பார்ப்பனியத்துக்கு எதிராக எழுத வந்த எவரும் அந்தக் கதையில் வாமனன் பக்கம் போய் நிற்கப்போவதில்லை. ஆனால் 'நம்ம' என்று சொல்லும்போது அதற்குள் யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதைக் கொஞ்சம் கறாராகப் பேசியாகணும். ஒவ்வோர் ஆவணியிலும் நம் தோழர்கள் எழுதுகிற ஓணக் கட்டுரைகளையும் துண்டறிக்கைகளையும் விடாமல் படித்துக்கொண்டு வருகிறேன். ஏறத்தாழ எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. அசுர அரசன் நல்லவன், தேவர்களுக்குப் பொறுக்கவில்லை, குள்ளப் பார்ப்பான் வந்து மூன்றடி மண் கேட்டு ஏமாற்றினான், மக்கள் மறக்கவில்லை, ஆகவே ஓணம் ஒரு கலக விழா. 'ஆகவே' என்கிற அந்த ஒரு சொல்லில்தான் எனக்குச் சிக்கல்.

2016 செப்டம்பரில், அப்போது பாரதிய ஜனதாவின் தலைவராக இருந்த அமித் ஷா, ஓணத்தையொட்டி வாமன ஜயந்தி வாழ்த்துச் சொன்னார். வாமனன் மகாபலியின் தலையில் காலை வைத்திருக்கும் படம் அதில் இருந்தது. அதே பருவத்தில் ஆர்.எஸ்.எஸ். சார்பு மலையாள வார இதழான 'கேசரி'யில், ஓணமே வாமனன் பிறந்தநாள்தான், மகாபலியை வரவேற்கும் கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று ஒரு கட்டுரை வந்தது. கேரளம் கொதித்தது. ஷா மன்னிப்புக் கேட்கணும் என்றார் முதலமைச்சர் பினராயி விஜயன். இங்கே தமிழ்நாட்டிலும் நம் நண்பர்கள் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். மராட்டியத்தில் ஜோதிபா பூலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி'யில் பலிராஜாவை உழவர்களின் அரசனாகவும் வாமனனை வந்தேறிப் பார்ப்பனர்களின் தலைவனாகவும் வாசித்துக் காட்டியிருந்தார். அசுரர் என்றால் திராவிடர் என்கிற வாசிப்பு நமக்கும் பழக்கமானது. தலைகீழ் வாசிப்புக்கு வேண்டிய ஆயுதங்கள் எல்லாம் கைக்குப் பக்கத்திலேயே இருந்தன. எடுத்து வீசினோம். ஜெயித்தோம் என்றே வைத்துக்கொள்வோம். ரொம்பச் சுலபமாக ஜெயித்துவிட்டோமோ என்பதுதான் என் சந்தேகம்.

*

நான் குமரி மாவட்டத்துக்காரன். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்த மண். ஓணத்துக்கு எங்க ஊரில் இன்னமும் உள்ளூர் விடுமுறை உண்டு. சின்ன வயசில் பக்கத்து வீட்டு ஆச்சி, 'மாவேலி வாற நாளு, முற்றத்தைப் பெருக்கிப் போடு மக்கா' என்று சொல்லுவா. அத்தப்பூ போடுவோம், ஊஞ்சல் கட்டுவோம். மாவேலி யார், எங்கிருந்து வருகிறார் என்றெல்லாம் அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிற்பாடு எம்.ஏ. தமிழ் படிக்கும்போது மதுரைக்காஞ்சி நடத்திய ஆசிரியர், ஓணம் வருகிற இடத்தில், 'இது இன்னைக்கு மலையாளிக கொண்டாடுற விழா, நம்மகிட்டேயிருந்து போனதுதான்' என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நானும் அந்தப் பெருமையைக் கொஞ்ச நாள் சுமந்துகொண்டு அலைந்தேன்.

ஆனால் அந்தப் பகுதியை நிறுத்தி வாசித்தால் நம் வயிறு கலங்கும். மாங்குடி மருதனார் காட்டுகிற மதுரையில் ஓணம் மாயோனின் நாள். எந்த மாயோன்? அவுணர்களை வென்ற மாயோன். கள்ளைக் குடித்துத் திரிகிற மறவர்கள் சேரிக்குச் சேரி மோதிக்கொள்கிறார்கள், யானைகளை ஓட்டிவிட்டுப் பார்க்கிறார்கள். பலி என்றொரு அரசன் அங்கே இல்லை. அவனுடைய பொற்காலமோ அவன் திரும்பி வருவதோ இல்லை. பெரியாழ்வாரிடம் போனாலும் திருவோணம் திருமாலுக்குரிய நாள்தான். அதாவது, எழுத்துச் சான்று என்று பார்த்தால் நம் கையிலிருக்கிற பழைய தமிழ்ப் பிரதிகள் கேசரிக்காரருக்குத்தான் சாட்சி சொல்லும். நம் கட்டுரையாளர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. தெரியாமல் இல்லை, சொன்னால் வாதம் கெட்டுப்போகும் என்கிற பயம்.

கெடாது என்பது என் நிலை. கெட்டுப்போவது வேறொரு வாதம். முதலில் யாருடையதாக இருந்ததோ அவருக்கே சொந்தம் என்கிற வாதம் இருக்கிறதே, அது. எங்க ஆசிரியரின் பெருமைக்கும் கேசரியின் கட்டுரைக்கும் அடியில் ஓடுவது அந்த ஒரே தர்க்கம்தான். அது பட்டாதாரரின் தர்க்கம். மூலப் பத்திரத்தைக் காட்டு, நிலத்தை எடுத்துக்கொள். மூன்றடி மண்ணை இழந்தவனின் விழாவை மூலப் பத்திரம் காட்டி மீட்கப்போவது வேடிக்கைதான். மதுரையில் அவுணரைக் கொன்றவனுக்கு எடுத்த விழா, கேரளத்தில் கொல்லப்படாமல் அமிழ்த்தப்பட்ட அவுணனை வரவேற்கும் விழாவாக எப்படி மாறிற்று? எப்போது மாறிற்று? அதில்தான் விஷயம் இருக்கிறது. பாகவதத்தில் பலியின் வேள்வி நடப்பது நர்மதைக் கரையில். அங்கே அவன் தோல்வி கடைசியில் அருளாக மாற்றிச் சொல்லப்படுகிறது; சுதலம் என்கிற கீழுலகம் அவனுக்குக் கிடைக்கிறது, அடுத்த யுகமாற்றத்தில் இந்திரப் பதவியும் வாக்களிக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தன் குடிகளைப் பார்க்க வருவது அதில் இல்லை. அதை மக்கள்தான் சேர்த்திருக்கிறார்கள். துளு நாட்டிலும் தீபாவளியை ஒட்டி பலீந்திரனை வீட்டுக்கு அழைக்கிறார்கள். புராணம் முடித்துவைத்த கதையை முடிய விடாமல் வைத்திருப்பது இந்த அழைப்பு.

எர்ணாகுளத்துக்குப் பக்கத்தில் திருக்காக்கரை. வாமனனுக்குக் கோயில் உள்ள ஊர். ஓணத்தன்று முற்றத்துப் பூக்களத்தில் களிமண்ணால் பிடித்த கூம்பு ஒன்றை வைப்பார்கள். நாலு பக்கமும் தட்டி, மேலே கூர்மையாக, அரிசிமாவுக் கோலம் போட்டிருக்கும். பெயர் திருக்காக்கரையப்பன். பெயரைக் கேட்டால் வாமனன். ஓணத்தப்பன் என்றும் சொல்வார்கள். அதன் முன்னால் அடை படைத்து, ஆர்ப்பு விளித்து வரவேற்பதோ மாவேலியை. வாமனனா மாவேலியா என்று கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் மாறும். அந்த மண்ணுக்கு முகம் கிடையாது. மிதித்தவன் பெயரை வைத்து மிதிபட்டவனை உட்காரவைத்திருக்கிறார்கள் என்று நான் வாசிக்கிறேன். எதிர்த்திசையில் வாசிக்கிறவர்களும் இருப்பார்கள். இருக்கட்டும்.

*

கேரளத்துக்கு இரண்டு தோற்றக் கதைகள் உண்டு. ஒன்று கேரளோற்பத்தி சொல்வது. பரசுராமன் மழுவை எறிந்தான், கடல் விலகிற்று, கோகர்ணம் முதல் குமரி வரை நிலம் கிடைத்தது, அறுபத்துநாலு கிராமங்களாக்கிப் பார்ப்பனர்களுக்குத் தாரைவார்த்தான். மற்றது மாவேலிக் கதை. இரண்டும் ஒன்றாக நிற்காது. தசாவதார வரிசையில் வாமனன் முன்னால், பரசுராமன் பின்னால். பரசுராமன் கடலிலிருந்து நிலத்தை எடுக்காத காலத்தில் மாவேலி எந்தக் கேரளத்தை ஆண்டான்? கடலுக்கடியிலா? இந்தக் கேள்வியைக் கேலியாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ இந்த முரண்தான் சாவி என்று படுகிறது.

இரண்டு கதையும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன. நிலம் பார்ப்பானின் கைக்குப் போனது எப்படி? முதல் கதை வாங்கிக்கொண்டவர்கள் சொல்வது. அதில் நிலம் கன்னி நிலம். அதன்மேல் யாரும் இல்லை. கடலிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தது. ஆகவே யாரிடமிருந்தும் பிடுங்கப்படவில்லை. இரண்டாவது கதை கொடுத்தவர்கள் சொல்வது. அதில் நிலத்தின்மேல் ஆள் இருந்தான், அரசு இருந்தது, குடிகள் இருந்தார்கள், அளந்து எடுத்துக்கொண்டார்கள். கைமாற்றத்துக்கு இரண்டு கதையிலும் ஒரே பெயர்தான்: தானம். பிரம்மஸ்வம், தேவஸ்வம் என்று கேரளத்து நிலம் நூற்றாண்டுக்கணக்கில் எழுதிவைக்கப்பட்ட வரலாற்றை மனசில் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், மாவேலிப் பாட்டில் வருகிற 'எல்லாரும் ஒன்றுபோல் இருந்த காலம்' வெறும் கற்பனாவாதமாகத் தெரியாது. பறிபோன நிலத்தின் நினைவு அது.

ஆனால், பறிகொடுத்தவர்கள் யார்? இங்கேதான் நாம் வழுக்குகிறோம்.

மலையாளத்தில் ஒரு பழமொழி எல்லாருக்கும் தெரியும். காணம் விற்றாவது ஓணம் உண்ண வேண்டும். தமிழ் படித்தவனுக்குக் காணம் என்றால் கொள்ளு, இல்லாவிட்டால் பொற்காசு. மலையாள நிலவுடைமைச் சொல்லாடலில் காணம் என்பது ஜன்மிக்கு ஒரு தொகை கொடுத்துப் பெறுகிற அனுபோக உரிமை. அந்தப் பொருளில் எடுத்தால், காணத்தை விற்கிறவனிடம் விற்கக் காணம் இருந்தது என்று ஆகிறது. அவன் குடியான், காணக்காரன். ஓணத்துக்கு நல்ல நேந்திரன் குலை ஒன்றைப் பார்த்து வெட்டி, காழ்ச்சக்குலை என்று ஜன்மி வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பான். ஜன்மி பதிலுக்கு ஓணப்புடவை கொடுப்பார். துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வருவான். மாவேலி ஆண்ட சமத்துவ காலத்தைக் கொண்டாடுகிற அதே நாளில், அதே முற்றத்தில், குலையைச் சுமந்துகொண்டு போய்க் கும்பிட்டு நிற்கும் சடங்கு நடந்திருக்கிறது. குத்தகை ஒழிந்தபின் ஜன்மிக்கான குலை நின்றது. குருவாயூரப்பனுக்கு உத்திராட நாளில் காழ்ச்சக்குலை இன்றைக்கும் போகிறது. பெரிய ஜன்மி அல்லவா.

இன்னொரு பழமொழியும் இருக்கிறது. ஓணம் வந்தாலும் உண்ணி பிறந்தாலும் கோரனுக்குக் கும்பிளில்தான் கஞ்சி. கோரன் என்பது அடித்தட்டுச் சாதிக்காரனின் பெயர். கும்பிள் என்றால் இலையைச் சுருட்டிக் கோட்டிய குப்பி. உண்ணி தம்புரான் வீட்டுப் பிள்ளை. நாட்டுக்கே விழா என்றாலும் சரி, தம்புரான் வீட்டில் வாரிசு பிறந்தாலும் சரி, கோரனுக்கு இலைச் சுருளில் கஞ்சி. பாட்டு 'எல்லாரும்' என்கிறது; பழமொழி 'கோரன் நீங்கலாக' என்கிறது. இரண்டும் ஒரே மொழியில், ஒரே மக்களின் வாயில், ஒரே சமயத்தில் புழங்கி வந்திருக்கின்றன. ஓணத்தைப் பற்றி எழுதுகிற நாம் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பழமொழியை ஏன் விட்டுவிடுகிறோம்?

வயலில் வேலை செய்த தீண்டப்படாத சாதிகளுக்கு முற்றத்தில் குழி பறித்து, குழிக்குள் இலையை வைத்து, அதில் கஞ்சி ஊற்றிய காலம் ஒன்று கேரளத்தில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையாளத் திரைநடிகர், தங்கள் வீட்டில் வேலையாட்கள் அப்படிக் குழியில் குடித்ததைப் பார்க்கவே ஆசையாக இருக்கும் என்று பழங்கஞ்சியின் ருசியோடு சேர்த்து நினைவுகூர்ந்தார். பலத்த கண்டனம் வந்தது. அவர் கெட்டவர் என்பது இங்கே விஷயமில்லை. நினைவேக்கம் எப்படி வேலை செய்கிறது பாருங்கள்: குழிக்குள் இருந்தவன் அவர் நினைவில் இருக்கிறான், ஆனால் ருசியின் பகுதியாக இருக்கிறான். மாவேலியைக் குழிக்குள் தள்ளியதற்கு வருஷா வருஷம் வருந்துகிற ஒரு சமூகம், முற்றத்துக் குழியை அப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்போல.

*

பக்தினைப் படித்ததிலிருந்து நமக்கு எந்த விழாவைப் பார்த்தாலும் தலைகீழாக்கம் தெரிகிறது. நானும் எழுதியிருக்கிறேன், மறைக்கவில்லை. களியாட்டத்தில் மேல் கீழாகிறது, ராஜா கோமாளியாகிறான், உடம்பு சிரிக்கிறது, அதிகாரம் தற்காலிகமாகத் தொங்கவிடப்படுகிறது. ஓணத்தில் புலிக்களி இருக்கிறது, ஓணத்தல்லு இருக்கிறது, தும்பி துள்ளல் இருக்கிறது. எல்லாவற்றையும் இந்தச் சட்டகத்துக்குள் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் ஓணத்தின் மையச் சடங்கில் தலைகீழாவது எதுவும் இல்லை. குலை மேலே போகிறது, துணி கீழே வருகிறது. இந்தப் போக்குவரத்து ஒருநாளும் திசை மாறியதில்லை. அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள் மாவேலியின் நாடு, மிச்சமுள்ள நாளெல்லாம் வாமனனின் நாடு என்கிற உடன்பாட்டில் வாமனனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கேரளத்திலேயே இதை உடைத்துப் பேசியவர்கள் உண்டு. சகோதரன் அய்யப்பன் மாவேலிப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு தானே ஓர் ஓணப்பாட்டு எழுதினார். வாமனனோடு வந்த பார்ப்பனியத்தையும் சாதியையும் அதில் நேரடியாகச் சாடினார். போன பொற்காலத்துக்காக அழுதுகொண்டு இருப்பது அதில் இல்லை. மாவேலியின் ஆட்சியை இனிமேல் நாம்தான் வரவழைக்கணும் என்பதுதான் அதன் போக்கு. பழைய பாட்டின் இறந்தகாலத்தை அவர் எதிர்காலமாக மாற்றியது சாதாரண வேலை இல்லை. இதைவிட முக்கியமானது 1917இல் அவர் செறாயில் நடத்திய மிசிரபோஜனம். ஈழவர்களையும் புலயர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். கலவரப்பட்டவர்களில் அவர் சாதிக்காரர்களே அதிகம். 'புலயன் அய்யப்பன்' என்று வசை கிடைத்தது. அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். இருபத்தாறு கறி வைத்து வாழையிலை போட்டுப் பரிமாறுகிற ஓண சத்யையைவிட மாவேலி அன்றைக்கு அந்தப் பந்தியில்தான் இருந்திருப்பார். சத்யையில் என்ன இருக்கிறது என்பதைப் பட்டியல் போடுகிறவர்கள் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று எழுதுவதில்லை. அதோடு, ஓண சத்யை என்றால் சைவம் என்பதும் திருவிதாங்கூர், கொச்சி மேல்சாதி வீட்டுச் சமையல் எல்லாருடைய சமையலாக நிலைபெற்ற கதைதான். கண்ணூர், கோழிக்கோடு பக்கம் பல வீடுகளில் ஓண இலையில் மீனும் கோழியும் உண்டு.

பொய்கையில் அப்பச்சனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1879இல் பிறந்து 1939இல் மறைந்தவர். பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபையை உண்டாக்கியவர். அவரும் பாட்டுக் கட்டினார். அந்தப் பாட்டுகளில் பொற்காலம் கிடையாது. அடிமைகளாக விற்கப்பட்ட மூதாதையர், ஆளுக்கொரு திசையில் பிரிக்கப்பட்ட தாய் தகப்பன், தேடி அழும் பிள்ளைகள், எந்த ஏட்டிலும் எழுதப்படாமல் போன ஒரு குலம் இவைதான் அவற்றின் பொருள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அப்பச்சனுக்கு முந்தைய தலைமுறைக்கு அது கண்ணால் பார்த்த விஷயம். அந்த நினைவில் மாவேலிக்கு இடமில்லை. 'ஒரு காலத்தில் நாமெல்லாம் சமமாக இருந்தோம்' என்று ஒருவன் பாடவேண்டுமானால், இழப்பதற்கு அவனிடம் ஏதோ இருந்திருக்க வேண்டும். காணக்காரனிடம் இருந்தது. கோரனே விற்கப்பட்ட பொருள். ஓணத்தை ஒடுக்கப்பட்டோரின் விழா என்று ஒற்றைச் சொல்லில் அடைப்பவர்கள் மாவேலிப் பாட்டையும் அப்பச்சன் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

*

வட மலபாரில் குற்றியாடி, நாதாபுரம், வடகரை பக்கம் ஓணப்பொட்டன் என்றொரு வேஷம் உண்டு. கட்டுகிறவர்கள் மலயர், தெய்யம் கட்டுகிற சாதிகளில் ஒன்று. உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் முகத்தில் சாயமெழுதி, கிரீடம் வைத்து, உதட்டை மறைக்கும் நீண்ட தாடி கட்டி, கையில் ஓலைக்குடையும் மணியுமாக வீடு வீடாக விரைந்து போவார். மாவேலிதான் வந்திருக்கிறார் என்று வீட்டார் விளக்கேற்றி அரிசியும் பணமும் கொடுப்பார்கள். அவர் ஒரு சொல்கூடப் பேசமாட்டார். மணியை மட்டும் ஆட்டுவார். பொட்டன் என்றால் மலையாளத்தில் காதுகேளாதவன், வாய்பேசாதவன், அசடன் எல்லாம்தான்.

தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிக்காரன் ஒருவன் ராஜாவாக வாசலுக்கு வருகிறான், வீட்டார் வணங்குகிறார்கள். பக்தின் மகிழ்ந்திருப்பார். ஆனால் ராஜாவுக்கு வாய் இல்லை. என் நாட்டை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. அதே வட மலபாரில் பொட்டன் தெய்யம் என்று இன்னொரு பொட்டன் இருக்கிறான். வழிவிடச் சொன்ன சங்கராச்சாரியாரை மறித்து நின்று, உன் ரத்தத்துக்கும் என் ரத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று வாதம் செய்த புலயன் அவன். பேர்தான் பொட்டன், பேச்சில் சங்கரரையே வாயடைத்தவன். பிற்பாடு அவன் சிவனின் மாறுவேஷம் என்று ஆக்கப்பட்டது தனிக்கதை. புலயன் ஜெயித்ததாக இருந்தால் நல்லா இருக்காதே. பேசுகிற பொட்டன் தெய்யக் காவில் நிற்க, பேசாத பொட்டன் ஓணத்துக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான்.

இதற்கு நேரெதிர்க் கோடியில் ஓயாமல் பேசுகிற மாவேலி ஒருவர் உண்டு. நாதிர்ஷாவும் திலீப்பும் போட்ட 'தே மாவேலி கொம்பத்து' ஒலிநாடாக்களின் மாவேலி, மிமிக்ரி மேடைகளின் மாவேலி. தொந்தியும் மீசையும் ஓலைக்குடையும். கேரளத்து அரசியலைப் பார்த்துத் திகைத்து, அடிபட்டு, ஓடிப்போகிற கோமாளி. சும்மா சொல்லக்கூடாது, சிரிப்பு வரத்தான் செய்யும். நகைக்கடை, துணிக்கடை விளம்பரத்தில் வருபவரும் இவர்தான். செக்கச் செவேலென்று இருப்பார். சில படங்களில் மார்பில் பூணூல் வேறு! பூணூல் போட்டவன் வந்து ஏமாற்றியதால் பாதாளம் போன அசுரனுக்கே பூணூல் மாட்டிவிட்ட ஓவியனை என்ன சொல்ல? கேரளத்தில் இதைப் பலர் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். பூணூலைக் கழற்றிவிட்டால் மட்டும் போதுமா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

*

ஓணம் அறுவடைத் திருநாள் என்று எழுதாத பாடப்புத்தகம் இல்லை. சிங்க மாதத்தில் முதல்போகம் அறுத்து, புது நெல் வீட்டுக்கு வருகிற காலம். 1961இல் பட்டம் தாணுப்பிள்ளை அமைச்சரவை அதை மாநில விழாவாக்கியது. 1970களின் நடுவில் கேரளத்தில் எட்டு லட்சம் எக்டேருக்கு மேல் நெல் விளைந்தது. இன்றைக்கு இரண்டு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. அறுவடை போய்விட்டது, திருநாள் இருக்கிறது. எங்க தோவாளைச் சந்தையிலிருந்து கிரேந்தியும் வாடாமல்லியும் அரளியும் லாரியில் போய் அத்தப்பூவாகின்றன. தும்பையும் முக்குற்றியும் பறித்துப் போட்ட முற்றங்கள் குறைந்துவிட்டன. இப்போது குடும்பஸ்ரீ பெண்கள் அங்கேயே செண்டுமல்லி பயிரிடத் தொடங்கியிருக்கிறார்கள், நல்ல விஷயம். காய்கறி ஒட்டன்சத்திரத்திலிருந்து போகிறது. 2015இல் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து அதிகம் என்று கேரளம் பிரச்சினை எழுப்பியது. சாப்பிடுகிறவர்களின் உடம்பைப் பற்றி இரண்டு பக்கமும் ஏகப்பட்ட பேச்சு. மருந்து அடித்த வயலில் கைகளால் காய் பறிக்கிற பெண்களின் உடம்பு விவாதத்திலேயே வரவில்லை.

நெல்வயல் போன கதைக்குள் நிலச் சீர்திருத்தத்தின் கதை இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகைமுறை கேரளத்தில் ஒழிந்தது. இந்தியாவிலேயே பெரிய சாதனை என்று இடதுசாரிகள் சொல்வது நியாயமே. குலை சுமந்த காணக்காரன் உடைமையாளன் ஆனான். ஆனால் உழுதவனுக்கும் அவனுக்குக் கீழே சேற்றில் நின்றவனுக்கும் சட்டம் வேறு வேறு கணக்கு வைத்திருந்தது. வயலில் வேலை செய்த புலயர், பறையர் குடிகிடப்புக்காரர் என்ற வகையில் வந்தார்கள். அவர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகராட்சியில் மூன்று. மூன்றடி என்று கேட்டவனுக்கு மூவுலகும் போயிற்று. கோரன் கேட்டதற்குப் பத்து சென்ட். காலனிகள் அப்படித்தான் உண்டாயின. 2003 பிப்ரவரியில் முத்தங்காவில் ஆதிவாசிகள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்ததும், 2007இல் செங்கறையில் ரப்பர்த் தோட்டத்துக்குள் நிலமற்றவர்கள் குடிசை போட்டு உட்கார்ந்ததும் இந்தக் கணக்கின் தொடர்ச்சி. செங்கறைக்காரர்கள் தோட்டத்துக்குள் போனதற்குக் காரணம் உண்டு. உச்சவரம்பிலிருந்து சட்டம் தோட்டங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. ஜன்மி போனார், எஸ்டேட் இருந்தது.

அந்த எஸ்டேட்டுகளில் மூணாறுப் பக்கத்துத் தேயிலைக் காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள், அவர்களில் பெரும்பாலானோர் தலித்துகள். பத்து சென்ட்கூடக் கிடையாது. கம்பெனி லயத்தில் குடியிருப்பு, வேலை போனால் வீடும் போகும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு எழுபது பேரைக் கொண்டுபோனது. திருவோணத்துக்கு இன்னும் மூன்றரை வாரம் இருந்தது. மண்ணுக்குள் போனவர்கள் திரும்பி வருவதில்லை. இவர்களுக்கும் ஓணம் உண்டு. எப்படி என்றால், ஓணத்தை ஒட்டித்தான் போனஸ் வரும். ஜன்மியின் ஓணப்புடவைக்கு எஸ்டேட்டில் போனஸ் என்று பெயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

2015இல் நிர்வாகம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. அந்த வருஷம் திருவோணம் ஆகஸ்ட் 28. செப்டம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 20 சதவீத போனஸ், 500 ரூபாய் நாள்கூலி. தலைமை தாங்க வந்த சங்கத் தலைவர்களை, சிவப்பு, மூவர்ணம் என்று பார்க்காமல், கிட்டே வரவிடவில்லை. தங்களுக்குப் பெண்கள் ஒற்றுமை என்று பேர் வைத்துக்கொண்டார்கள். மலையாளப் பத்திரிகைகள் அதைப் 'பொம்பிளை ஒருமை' என்று எழுதின. மாவேலியைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. பேசியது எல்லாம் பச்சையாகக் கணக்கு: எத்தனை கிலோ கிள்ளுகிறோம், எவ்வளவு தருகிறாய், யார் யாருடைய வீட்டில் யார் தின்கிறார்கள் என்று. ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவார்த்தையில் 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று எழுதி முடித்தார்கள். கூட்டினால் 20. கூலி 500 கேட்டதற்கு அக்டோபரில் 301 ஆயிற்று.